ஒரு போர்வைக்கு 5,580 தூண்கள்

ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரு முறையாவது தன் கையால் ஒரு போர்வை பின்னிப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பணம் மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன், மிச்சமாகாது. மனம் அமைதியாகும் என்றும் சொல்ல மாட்டேன், முதல் வாரத்தில் கழுத்து வலிதான் வரும். ஒரு மணி நேரக் கைவேலை என்றால் எவ்வளவு என்பது பின்னிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அது தெரிந்துவிட்டால் அப்புறம் சந்தையில் நின்று பேரம் பேச நாக்கு எழாது. இன்றைய கட்டுரை அதைப் பற்றித்தான்.

எனக்கு வயது 73. புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பேனா பிடித்த கை, குரோஷா ஊசி பிடித்ததற்குக் காரணம் என் மகள். லியோனில் இருக்கிறாள், அவளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. முதல் பேரனுக்குத் தன் கையால் பின்னி அனுப்பியவள் என் மனைவி. இப்போது அவளுக்கு வலது கட்டைவிரல் மூட்டு மடங்குவதில்லை. "நான் சொல்லித் தரேன், நீங்க பின்னுங்க. சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்றாள். மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் சிரித்துவிட்டு, "அப்பா, நிஜமாவா? நீங்களா?" என்றாள்.

அவள் சிரித்ததில் தப்பில்லை. தெருவில் சிலரும் சிரித்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிற என்னைப் பார்த்து, "என்ன சார், வீட்டில் அம்மாவுக்கு ரெஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் ஒருவர். அவரிடம் நான் சொன்னது இதுதான்: வைத்திக்குப்பம் பக்கம் காலையில் போய்ப் பாருங்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, கிழிந்த கண்ணிகளை ஊசியால் முடிந்துகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். மீசை வைத்த ஆண்கள். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. நூல், ஊசி, கண்ணி எல்லாம் அங்கேயும் உண்டு. வலை என்றால் ஆண் வேலை, போர்வை என்றால் பெண் வேலை என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். நூலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நான் படித்தது பிரெஞ்சு வழிக் கல்வி. எங்கள் பள்ளியில் பையன்களுக்கு டிக்தே, கால்குல் மாந்தால், அதாவது சொல்வதெழுதுதல், மனக்கணக்கு. ஊசி வேலை கிடையாது. கான்வென்டில் படித்த பெண்களுக்கு மட்டும் அது உண்டு. என் மனைவி அங்கேதான் கற்றாள். புதுச்சேரியில் குளூனி கன்னியர் மடத்தில் பெண்கள் உட்கார்ந்து செய்கிற பூத்தையலைப் பார்த்தவர்களுக்கு அந்த மரபு தெரியும். எனக்கு அறுபது வருடம் கழித்து என் வீட்டிலேயே ஒரு கான்வென்ட் திறந்தது.

படிப்பு ஓரிடத்தில் கை கொடுத்தது. இந்தக் கலைக்குப் பெயரே பிரெஞ்சு. குரோஷே என்றால் சிறிய கொக்கி. நம் பெண்கள் குரோஷா என்கிறார்கள். காது இல்லாத அந்தக் கம்பியை நாம் ஊசி என்று அழைத்தாலும் அது கொக்கிதான். கண்ணிக்கு மாய் என்று பெயர். வலையின் கண்ணிக்கும் அதே மாய்தான், தமிழைப் போலவே. முதலில் போடுகிற சங்கிலிக்கு மாய் ஆன் லேர், 'காற்றில் நிற்கும் கண்ணி'. அழகான பெயர்.

இன்னொரு வசதியும் உண்டு. யூடியூபில் ஓர் அமெரிக்கப் பெண்மணி 'டபுள் குரோஷே' என்று சொல்லிக் காட்டுகிற அதே பின்னலை, என் மனைவியின் பழைய ஆங்கிலப் புத்தகம் 'டிரெபிள்' என்கிறது. அமெரிக்காவில் ஒரு கணக்கு, இங்கிலாந்தில் ஒரு கணக்கு. புதிதாகத் தொடங்குபவர் பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். எந்த நாட்டு முறை என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சில் இந்தத் தொல்லை இல்லை, அது 'பிரீத்'. எழுத்தைக் கூட்டி ஆங்கிலமாக வாசித்தால் மணப்பெண் என்று வரும், பிரெஞ்சில் கடிவாளம். இரண்டும் ஒன்றுதானே என்று என் மனைவி சொல்வாள், அதை விடுவோம். பின்னலில் அது ஒரு குட்டித் தூண் போல நிற்பதால் நான் தூண் என்றே எழுதுகிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்காக விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நூற்கடையில் 'உல்லன்' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், ஆட்டு ரோமம் அதில் இருக்காது. குழந்தைப் போர்வைக்கு அது போதும், மெஷினில் துவைக்கலாம். 100 கிராம் உருண்டை ஐந்து, மொத்தம் 550 ரூபாய் ஆயிற்று. ஐந்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டும். சாயம் போட்ட தொகுதி மாறினால் ஒரே நிறம் என்று வாங்கினாலும் நடுவில் ஒரு கோடு போல வித்தியாசம் தெரியும். ஊசி 5 மில்லிமீட்டர். மெல்லிய ஊசியும் லேஸ் நூலும் முதல் வேலைக்கு வேண்டாம், வயதான கண்ணுக்கு வேண்டவே வேண்டாம். வெளிர் நிற நூல் நல்லது. கறுப்பு நூலில் கண்ணி எங்கே இருக்கிறது என்று தேட டார்ச் வேண்டும்.

தூண் போடுவது இப்படி. ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றி, ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் நிற்கும். நூலை மறுபடி மாட்டி இரண்டு வளையங்களுக்குள் இழுக்க வேண்டும். இன்னொரு முறை மாட்டி மிச்சமுள்ள இரண்டுக்குள் இழுத்தால் ஒரு தூண். "கையை இறுக்காதீங்க, நூல் ஓடணும்" என்பதுதான் என் ஆசிரியை அடிக்கடி சொன்ன பாடம்.

முதல் போர்வைக்குச் சிறு சிறு சதுரங்களாகப் பின்னி இணைக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருகிறார்கள். சின்னது சுலபம் என்பது அவர்கள் வாதம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 36 சதுரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என 72 நூல் முனைகள். அத்தனையையும் மொட்டை ஊசியால் உள்ளே செருகி மறைக்க வேண்டும். அப்புறம் 36 சதுரங்களையும் தைக்க வேண்டும். பாதியில் நின்றுபோய் அலமாரியில் தூங்குகிற போர்வைகள் இந்த வகைதான். நடுவில் தொடங்கி வளர்ந்துகொண்டே போகிற ஒரே பெரிய சதுரம் என்றால் ஐந்து உருண்டைக்கு மொத்தம் பத்து முனைகள். தையல் கிடையாது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது ஒரு முழு வேலை. சின்னதாக நின்றால் மேசை விரிப்பு, வளர்ந்தால் போர்வை.

நான்கு சங்கிலிக் கண்ணி போட்டு வளையமாக்கி, அதற்குள் மும்மூன்று தூண்களாக நான்கு கொத்து. கொத்துக்கு நடுவே இரண்டு சங்கிலி, அவை நான்கு மூலைகள். அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து, பக்கத்து இடைவெளிகளில் ஒவ்வொரு கொத்து. அவ்வளவுதான் இலக்கணம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு எதிர்த் திசையில் பின்ன வேண்டும். ஒரே திசையில் போனால் பெரிய சதுரம் லேசாகத் திருகிக்கொள்ளும்.

மனக்கணக்கு பழகியவனுக்கு இதில் ஒரு விருந்து இருக்கிறது. முதல் சுற்றில் 12 தூண். இரண்டாவதில் 24. சுற்றுக்கு 12 கூடிக்கொண்டே போகும். பத்தாவது சுற்றில் 120, முப்பதாவது சுற்றில் 360. முப்பது சுற்றும் சேர்த்தால் 5,580 தூண்கள். பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர் அளவுள்ள குழந்தைப் போர்வை அது.

இந்தக் கணக்கு தெரியாதவர் 20ஆவது சுற்று முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது என்று நினைப்பார். உண்மையில் அப்போது முடிந்திருப்பது 2,520 தூண், பாதிகூட இல்லை. கடைசிப் பத்துச் சுற்றில் மட்டும் 3,060. முதல் நாள் மளமளவென்று ஏழெட்டுச் சுற்று ஓடிய வேலை, கடைசியில் நாளுக்கு ஒரு சுற்றுகூட நகராது. 'நம்மால் முடியவில்லை' என்று விட்டுவிடுகிற இடம் அதுதான். கை அப்போது வேகமாகத்தான் போகிறது, சுற்றுதான் நீளமாகிவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் போர்வைகள் அலமாரிக்குப் போகாது.

எழுத்தர் புத்தி போகாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எழுதி வைத்தேன். ஏழு வாரம். மொத்தம் 41 மணி நேரம். என் மனைவி கை நன்றாக இருந்த காலத்தில் மணிக்கு 500 தூண் போடுவாள். அவளாக இருந்தால் முனை மறைப்பது எல்லாம் சேர்த்து 12 மணி நேர வேலை.

நோட்டை மூடியபோது காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நினைவுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு போனேன். குரோஷாவில் பின்னிய மேல்சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. விலை 350 சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் 250க்கு முடித்து வாங்கிக்கொண்டு போனார். அதே போல இன்னொன்று இருந்தது. கையில் எடுத்து வரிசைகளை எண்ணினேன். முன்பக்கம், பின்பக்கம் சேர்த்து ஏறக்குறைய 4,000 கண்ணிகள். கை தேர்ந்தவர் மணிக்கு 600 என்று வேகமாகப் போட்டாலும் ஏழு மணி நேரம் ஆகும். 250 ரூபாயில் நூலுக்கு 80, கடைக்காரருக்கும் வண்டிக் கூலிக்கும் 70 என்று குறைத்தே வைப்போம். மிச்சம் 100. ஏழால் வகுத்தால் மணிக்கு 14 ரூபாய். இடையில் இன்னொரு தரகர் இருந்தால் அதுவும் இல்லை.

'மெஷினில் பின்னியிருப்பார்கள் சார்' என்பீர்கள். நானும் தேடிப் படித்தேன். குரோஷா மெஷின் என்ற பெயரில் மில்களில் ஓடுவது லேஸும் நாடாவும் செய்கிற வேறு வகைப் பின்னல் இயந்திரம். ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு, பனியனுக்கு உண்டு. குரோஷா போலத் தோற்றம் தருகிற துணியும் இயந்திரத்தில் வரும். கொக்கியை எந்தக் கண்ணியில் வேண்டுமானாலும் விட்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்புகிற நிஜக் குரோஷாவுக்கு மட்டும் தொழிற்சாலை இயந்திரம் வரவில்லை. கடையில் தொங்குகிற நிஜக் குரோஷா ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு ஜோடிக் கை இருக்கிறது.

புதுச்சேரிக்காரனுக்கு நூல் வேலையின் நேரக் கணக்கு புதிதல்ல. சவானா, ரோடியர், பாரதி என்று மூன்று மில்களின் சங்கொலியில் வளர்ந்த ஊர் இது. 1936 ஜூலை 30 அன்று வேலை நிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் சுட்டன. பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது எட்டு மணி நேர வேலை. பிறகு அது சட்டமாகவும் வந்தது. மில்லுக்குள் நூல் தொட்டவனின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு வந்தது அப்படித்தான். வீட்டுக்குள் நூல் தொட்டவளின் மணி நேரத்துக்கு யாரும் சங்கு ஊதவில்லை, யாரும் கணக்கும் எழுதவில்லை.

எண்பதுகளில் சில வருடம் எனக்கு யானாமில் வேலை. புதுச்சேரி அரசில் இருந்தால் காரைக்கால், மாஹே, யானாம் என்று எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். உடன் வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக நரசாபுரம் போயிருந்தேன். இடையில் பாலங்கள் வராத காலம். யானாமில் கௌதமியை ஒரு படகில் கடந்து, கோனசீமை முழுக்கப் பஸ்ஸில் போய், வசிஷ்ட கோதாவரியை இன்னொரு படகில் கடந்தால் நரசாபுரம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாசலில் உட்கார்ந்த பெண்கள் கையில் எல்லாம் குரோஷா ஊசி. பேசிக்கொண்டே, பிள்ளையை அதட்டிக்கொண்டே, விரல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக் கொடுத்த வேலை அது. வெளிநாட்டு மேசைகளுக்கு லேஸாகப் போகிறது.

மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 1982இல் வந்தது. அதன் சாரம் இதுதான். ஏற்றுமதிச் சந்தைக்காக நாள் முழுக்க உழைக்கிற அந்தப் பெண்களை எல்லாரும், அவர்களே கூட, வீட்டில் சும்மா இருக்கும் குடும்பத் தலைவிகள் என்றுதான் சொன்னார்கள். ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்று பெயர் வைத்ததால் கூலியும் ஓய்வு நேரக் கூலியாகவே இருந்தது. வியாபாரம் செய்தவர்கள் ஆண்கள். 2024இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். விரலின் கூலியைக் காப்பாற்ற வேறு ஏதாவது வேண்டும்.

அரசு அலுவலகத்தில் எத்தனையோ விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. 'தொழில்' என்ற கட்டத்தில் ஆண் என்றால் கூலி, விவசாயம், வியாபாரம். பெண் என்றால் 'இல்லத்தரசி'. பீடி சுற்றியவரும், பூக்கட்டியவரும், லேஸ் பின்னியவரும் எல்லாரும் இல்லத்தரசி. அரசி என்று எழுதிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

எதிர்க்கேள்வி ஒன்று வரும், நியாயமானதுதான். 'விலையைக் கூட்டினால் வாங்க ஆள் வராது, கிடைக்கிற 14 ரூபாயும் போய்விடும். டிவி பார்த்துக்கொண்டே பின்னுகிறார்கள், கிடைத்தது லாபம்' என்பார்கள். டிவி பார்த்துக்கொண்டே பின்னினாலும் கட்டைவிரல் மூட்டு தேயத்தான் தேய்கிறது, என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. வாங்க ஆள் வராது என்பதும் பாதி உண்மைதான். அதே சந்தையில் மில் டீ-ஷர்ட்டை 250க்குக் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம். கையால் செய்தது என்றவுடன்தான் பேரம் தொடங்குகிறது. மெஷினுக்கு மரியாதை, கைக்குத் தள்ளுபடி. வாங்குகிறவருக்கு நேரம் தெரியாததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடை போடும்போது விலைச் சீட்டில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'இதைச் செய்ய ஆன நேரம், ஏழு மணி'. செலவில்லாத காரியம். அதைப் படித்துவிட்டு நூறு ரூபாய் குறைத்துக் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும், பார்ப்போம்.

போர்வை முடிந்து லியோனுக்கு அனுப்பப் போனேன். பிரான்சில் கைக்குழந்தையைப் போர்வை போர்த்தித் தூங்க வைப்பதில்லை. துர்புலெத் என்று ஒரு தூங்கும் பை, அதற்குள் விட்டுவிடுகிறார்கள். மூச்சுக்குப் பாதுகாப்பு. இது மடியில் வைக்கும்போதும் வண்டியில் தள்ளிப் போகும்போதும் விரிப்பதற்கு. தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் அச்சிட்டிருந்தது: தெக்லராசியோன் ஆன் துவான். பள்ளிக்கூடத்தில் படித்த மொழியைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். பொருள், எடை, அப்புறம் 'மதிப்பு'.

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "வீட்ல பின்னினதுதானே சார், 200 போடுங்க, போதும்" என்றார்.

என் மனைவி வீட்டிலேயே கணக்குப் போட்டு அனுப்பியிருந்தாள். எங்கள் தெருவில் சித்தாளுக்கு நாள் கூலி 600 கொடுக்கிறோம், எட்டு மணி நேரத்துக்கு. மணிக்கு 75. "நீங்க கத்துக்கிட்ட நேரத்துக்கெல்லாம் பாப்பா காசு கொடுக்க முடியாது. நான் பின்னினா 12 மணி நேரம், அதை எழுதுங்க" என்று உத்தரவு. 12 மணிக்கு 900. நூல் 550.

மதிப்பு: 1,450 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர்கள் படிவத்தைச் சரிபார்த்தவன் நான். இந்தக் கட்டத்தில் எழுதிய எண் சரி என்று எந்தத் தணிக்கையிலும் நின்று சொல்வேன்.